கைக்குட்டை போன வழி

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் ஒரு கைக்குட்டை வருகிறது. பட்டுத் துணி. அதில் ஸ்ட்ராபெரிப் பழங்களைப் பூத்தையலாகப் போட்டிருக்கும். ஐந்து அங்க நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் நடுவில்தான் அது முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. பிறகு ஐவர் கையில் ஏறி இறங்குகிறது. நாடகம் முடியும்போது ஒரே கட்டிலருகே மூன்று பிணங்கள்.

துன்பியல் நாயகன் என்றால் யார் என்று இலக்கிய மாணவரிடம் கேட்டால் ஒரே மூச்சில் பதில் வரும். உயர்ந்த இடத்தில் இருப்பவன்; அவனிடம் ஒரு குறை; அந்தக் குறையால் வீழ்கிறான். மக்பெத்துக்குப் பதவி ஆசை, ஹாம்லெட்டுக்குத் தயக்கம், ஒத்தெல்லோவுக்குச் சந்தேகம். தேர்வுத்தாளுக்கு இது போதும். ஆனால் சந்தேகப்பட்டு மனைவியைக் கொன்றவன் செய்தித்தாளிலும் வருகிறான். அவனைக் கொலைகாரன் என்கிறோம், அதுதான் சரி. ஒத்தெல்லோ செய்ததும் அதே கொலைதான். அவனுக்காக மட்டும் நானூறு ஆண்டுகளாக அரங்கம் நெஞ்சு கனக்க உட்கார்ந்திருப்பது ஏன்? அவன் குணத்தைப் பட்டியல் போட்டால் இதற்கு விடை கிடைக்காது. அந்தத் துணி போன வழியே பின்னால் போனால் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

துணி பிறந்த ஊர் இத்தாலி. ஃபெராரா நகரத்து எழுத்தாளர் ஜிரால்டி சிந்தியோ 1565இல் 'ஹெக்காதோமித்தி' என்றொரு கதைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒரு கதை: வெனிஸ் அரசுக்காகப் போர் செய்யும் மூர் இனத் தளபதி ஒருவன், அவன் மணந்த வெனிஸ் பெண் டிஸ்டெமோனா, அவள்மேல் கண் வைத்து ஏமாந்த கொடிப்படை அதிகாரி ஒருவன். கதையில் பெயர் உள்ளவள் அவள் மட்டும்தான். மற்றவர்களுக்குப் பதவிதான் பெயர். மூர் தன் மனைவிக்கு மணப்பரிசாகக் கொடுத்த கைக்குட்டை, மூர் நாட்டுப் பாணியில் நுணுக்கமாகத் தைத்தது. அதைக் கொடிப்படை அதிகாரி திருடுகிறான். திருடும் விதம் நெஞ்சை உறுத்துகிறது. தன் மூன்று வயதுப் பெண்குழந்தையை அவளிடம் தூக்கிக் கொடுக்கிறான். குழந்தையை அவள் மார்போடு அணைத்துக் கொஞ்சும் நேரம் பார்த்து, இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிவிடுகிறான்.

மிச்சக் கதை ரத்தக் கறையோடு விரைவாக முடிகிறது. மணல் நிரப்பிய காலுறையால் அவளை அடித்துக் கொல்கிறார்கள். அடிப்பவன் அதிகாரி, உடன் நிற்பவன் கணவன். விபத்துபோலத் தெரியக் கூரையைச் சரித்து அவள்மேல் விழச் செய்கிறார்கள். பிறகு இருவருக்குள்ளும் பகை மூண்டு விஷயம் வெளியே வருகிறது. சித்திரவதை செய்து விசாரித்தபோதும் மூர் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. நாடு கடத்தப்படுகிறான், அவள் உறவினர் அவனைக் கொல்கிறார்கள். படித்து முடித்தால் கோபம் வருகிறது, அவளுக்காக இரக்கம் வருகிறது. அவனுக்காக எதுவும் வரவில்லை.

இதில் ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிந்தியோ வெறும் கதைசொல்லி அல்லர். அவரே துன்பியல் நாடகங்கள் எழுதியவர். 1541இல் அவருடைய 'ஓர்பெக்கே' ஃபெராராவில் அரங்கேறியது. நாடக இலக்கணம் பற்றித் தனியே நூல் எழுதியவர். அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மிக நல்லவனும் இல்லாத, கெட்டவனும் இல்லாத நடுத்தரமான ஒருவன், தீமையினால் அல்லாமல் ஏதோ ஒரு பிழையினால் வீழ வேண்டும், வீழும்போது உண்மையை அறிய வேண்டும் என்ற விதி அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் கையில் இருந்தபோதும் இந்தக் கதை கொலைக் கதையாகவே நின்றது. குறை இருந்தது, வீழ்ச்சி இருந்தது. நாயகன் பிறக்கவில்லை.

லண்டனுக்கு வந்தபோதுதான் பிறந்தான். 1604ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, முதலாம் ஜேம்ஸ் மன்னரின் வொயிட்ஹால் அரண்மனையில் 'வெனிஸ் நகரத்து மூர்' நடிக்கப்பட்டதாக அரண்மனைக் கணக்கேட்டில் பதிவு இருக்கிறது. சிந்தியோவின் கதையில் ஷேக்ஸ்பியர் மாற்றியவை ஏராளம். எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுவது கைக்குட்டை தொலையும் விதத்தை மாற்றியதுதான். குழந்தை போயிற்று. திருட்டும் போயிற்று. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் அந்தத் துணி தரையில் விழக் காரணம் ஒத்தெல்லோ.

காட்சியை நிதானமாகப் பார்க்கலாம். ஒத்தெல்லோவின் கொடிப்படை அதிகாரி இயாகோ, தளபதியின் மனைவி டெஸ்டிமோனாவுக்கும் துணைத் தளபதி காசியோவுக்கும் தொடர்பு என்று அப்போதுதான் சந்தேக விதையை ஊன்றிவிட்டுப் போயிருக்கிறான். டெஸ்டிமோனா உள்ளே வருகிறாள். விருந்தினர் காத்திருக்கிறார்கள், சாப்பிட வாருங்கள் என்கிறாள். கணவன் குரல் தாழ்ந்திருக்கிறது. உடம்புக்கு என்ன என்று கேட்கிறாள். நெற்றியில் வலி என்கிறான். மனைவி துரோகம் செய்தால் கணவனின் நெற்றியில் கொம்பு முளைக்கும் என்பது அக்கால ஐரோப்பியப் பேச்சு. அவன் அதை நினைத்துச் சொல்கிறான். அவளுக்கு அது தெரியாது. தூக்கம் கெட்டதால் வந்த வலி, இறுக்கிக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று தன் கைக்குட்டையை எடுத்து நெற்றியில் வைக்கிறாள். அது ரொம்பச் சின்னது என்று அவன் தள்ளிவிடுகிறான். விழுகிறது. விட்டுவிடு, வா உள்ளே போகலாம் என்கிறான். எதை விடச் சொன்னான்? வலியையா, துணியையா? மூலத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. துணியைத்தான் என்றால், அதை எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் அவனே.

அந்தக் கைக்குட்டையை அவள் எப்படி வைத்திருந்தாள் என்பதை அடுத்த நொடியில் அதைப் பொறுக்கி எடுக்கும் எமிலியா சொல்கிறாள். எப்போதும் உடம்போடு வைத்திருப்பாள், அதற்கு முத்தம் கொடுப்பாள், அதனோடு பேசுவாள். அப்படிப்பட்டவள் அது கீழே விழுந்ததைக் கவனிக்காமல் போகக் காரணம் ஒன்றே: கவனம் முழுவதும் கணவனின் தலைவலியில் இருந்தது. அவன்மேல் வைத்த அன்பினாலேயே அவன் கொடுத்த பொருளைத் தொலைக்கிறாள். பிறகு அது தொலைந்ததையே அன்பில்லாததற்குச் சாட்சியாக அவன் எடுத்துக்கொள்கிறான். இரண்டு மூன்று வரிகளில் நடந்துவிடுகிற இந்தச் சிறு அசைவுக்கு இணையாக அந்த நாடகத்தில் வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

சிந்தியோவின் மூர் திருட்டுக் கொடுத்தவன். ஒத்தெல்லோ கைவிட்டவன். திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறோம். அதற்கு மேல் அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை.

எமிலியா இயாகோவின் மனைவி. இதைத் திருடித் தா என்று கணவன் நூறு முறை கெஞ்சியிருக்கிறானாம். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பூத்தையலைப் பார்த்து இன்னொன்று தைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். அதற்குள் இயாகோ பறித்துக்கொள்கிறான். சட்டைக்குள் போட்டுக்கொண்டு நிற்கும்போதே ஒத்தெல்லோ திரும்பி வருகிறான். கண்ணால் காணும் சாட்சி வேண்டும் என்று இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான். ஸ்ட்ராபெரிப் பூத்தையல் போட்ட கைக்குட்டையைத் தங்கள் மனைவியிடம் பார்த்ததுண்டா என்று இயாகோ கேட்கிறான். நான் கொடுத்ததுதான், என் முதல் பரிசு என்கிறான் ஒத்தெல்லோ. அப்படி ஒன்றால் காசியோ தாடியைத் துடைத்துக்கொண்டதை இன்று பார்த்தேன் என்கிறான் இயாகோ. துணி அப்போது இயாகோவிடமே இருக்கிறது. காசியோவின் அறைக்கு அது இன்னும் போகவே இல்லை.

கண்ணால் காணும் சாட்சி கேட்டவன் அதன்பின் செய்வது என்ன? அங்கேயே மண்டியிட்டுப் பழிவாங்குவதாகச் சபதம் செய்கிறான். காசியோ மூன்று நாளைக்குள் உயிரோடு இருக்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறான். கைக்குட்டையைக் காசியோவிடம் அவன் இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பது அடுத்த அங்கத்தில். தீர்ப்பு முதலில் வந்துவிட்டது, சாட்சி பின்னால் வருகிறது. ஒருமுறை சந்தேகம் வந்தால் உடனே முடிவெடுத்துவிடுவேன் என்று அதே காட்சியில் அவனே தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். போர்க்களத்தில் அந்தக் குணம்தான் அவனைத் தளபதி ஆக்கியது. துருக்கியக் கப்பற்படை வருகிறது என்றால் நள்ளிரவில் அவனைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள், தாமதிக்காதவன் என்பதால். அவனிடம் உயர்வும் குறையும் தனித்தனியே இல்லை. வீட்டுக்குள் வந்ததும் அந்த உயர்வே ஆளைக் கொல்கிறது. 'ஒரு குறை' என்று தனியே பிடுங்கி எடுத்துக் காட்ட முடிகிற குறை துன்பியலுக்கு உதவாது என்பது இதனால்தான்.

அடுத்த காட்சியில் அவன் மனைவியிடம் துணியைக் கேட்கிறான். கொடுக்க முடியாதபோது அதன் பூர்வ கதையைச் சொல்கிறான். எகிப்தியப் பெண் ஒருத்தி, மனிதர் மனத்தைப் படிக்கத் தெரிந்தவள், அவன் தாய்க்குக் கொடுத்ததாம். அது கையில் இருக்கும்வரை கணவன் அன்பு குறையாது. தொலைத்தாலோ பிறருக்குக் கொடுத்தாலோ கணவன் வெறுத்துவிடுவான். இருநூறு வயதான குறிசொல்லி ஒருத்தி அருள் வந்த நிலையில் தைத்தது. அந்தப் பட்டைத் தந்த புழுக்கள் புனிதமானவை. கன்னியரின் இதயங்களைப் பதம் செய்து எடுத்த சாற்றில் சாயம் தோய்த்தது. டெஸ்டிமோனா நடுங்கிப்போய், தொலையவில்லை என்று பொய் சொல்கிறாள். துணியைப் பொறுக்கிக் கொடுத்த எமிலியா அங்கேயே நிற்கிறாள், வாய் திறப்பதில்லை.

இந்தப் பூர்வ கதையைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதியது ஏராளம். வெள்ளைத் துணியில் சிவப்புப் பழங்கள் முதலிரவு விரிப்பின் ரத்தக் கறையைக் குறிக்கின்றன என்று 1975இல் லிண்டா பூஸ் எழுதினார். துணி வெள்ளை என்று யார் சொன்னது, பதம் செய்த உடலின் சாற்றில் தோய்த்தால் கறுப்பாகத்தானே இருக்கும் என்று 2013இல் இயன் ஸ்மித் கேட்டார். மேடைகளில் பெரும்பாலும் வெள்ளைக் கைக்குட்டையே பழகிவிட்ட நிலையில் இரண்டாவது கேள்வி என்னை உலுக்கியது. வெனிஸில் ஒத்தெல்லோவின் கறுப்பு நிறத்தைப் பேசாத வாய் இல்லை. அவன் தாய்வழிச் சொத்தும் அதே நிறமாக இருந்திருக்கலாம்.

ஆனால் என் மனத்தில் தங்கியது வேறு. முதல் அங்கத்தில் ஒத்தெல்லோவே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். டெஸ்டிமோனாவின் தந்தை அவனை வெனிஸ் ஆட்சிமன்றத்தில் நிறுத்தி, மந்திரம் மாயம் செய்து என் மகளை மயக்கிவிட்டான் என்கிறார். மந்திரம் ஏதும் இல்லை, என் வாழ்க்கைக் கதையைச் சொன்னேன், அவள் இரங்கினாள், அந்த இரக்கத்துக்காக நான் அவளை நேசித்தேன் என்று அவன் நிதானமாகப் பதில் சொல்கிறான். அதற்கும் முன்பு ஒரு கோரிக்கை வைக்கிறான்: அவளை அழைத்து வாருங்கள், அவள் வாயால் கேளுங்கள், அவள் என்னைக் குறை சொன்னால் என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள். அழைத்து வருகிறார்கள். அவள் பேசுகிறாள். அவன் தப்புகிறான். மந்திரம் இல்லை என்று சொல்லித் தன் காதலைக் காத்துக்கொண்டவன் இப்போது மந்திரத் துணியைக் காட்டி அதே காதலை மிரட்டுகிறான். அழைத்துக் கேளுங்கள் என்ற கோரிக்கையோ கடைசி அங்கத்தில் திரும்ப வருகிறது. கட்டிலில் கிடக்கும் டெஸ்டிமோனா சொல்கிறாள்: நான் அதைக் காசியோவுக்குக் கொடுக்கவில்லை, அவனை அழைத்துக் கேளுங்கள். ஒத்தெல்லோ அழைப்பதில்லை. வெனிஸ் அவனுக்குக் கொடுத்த நீதியை அவன் அவளுக்குக் கொடுப்பதில்லை.

அதற்குள் துணி இன்னும் இரண்டு கை மாறியிருக்கிறது. காசியோ அதைத் தன் அறையில் கண்டெடுக்கிறான். யாருடையது என்று தெரியவில்லை, பூத்தையல் பிடித்திருக்கிறது. யாராவது கேட்டு வருவதற்குள் இதைப் போலவே ஒன்று தைத்துக் கொடு என்று தன் காதலி பியாங்காவிடம் தருகிறான். எமிலியாவும் இதைத்தான் நினைத்தாள், காசியோவும் இதைத்தான் நினைக்கிறான்: ஒரு நகல் எடுத்துக்கொண்டு உடையவரிடம் சேர்த்துவிடலாம். அந்தத் துணி கை மாறிய ஐந்து பேரில் இயாகோ ஒருவனைத் தவிர யாருக்கும் தீய நோக்கம் இல்லை. பியாங்கா பொறாமையில் பொங்கி, இது எந்தப் பெண் கொடுத்ததோ என்று காசியோவிடமே அதை வீசிவிட்டுப் போகிறாள். மறைவில் நின்று ஒத்தெல்லோ பார்க்கிறான். தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலில் தோன்றுகிறது. பிறகு, அது என்னுடையதுதானா என்று இயாகோவிடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறான். சற்றுமுன் கண்ணெதிரே நின்ற காசியோவிடம் கேட்கவில்லை.

இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு பெரிய அழிவா என்று எரிச்சல்பட்டவர்கள் உண்டு. முதலில் வாய் திறந்து திட்டியவர் தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர். 1693இல் வந்த அவருடைய துன்பியல் பற்றிய நூலில் ஒத்தெல்லோவைப் பிய்த்து எறிந்தார். இதற்குக் கைக்குட்டையின் துன்பியல் என்று பெயர் வைத்திருக்கலாமே என்றார். இல்லத்தரசிகள் துணிமணிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம் என்றார். ரைமரை நான் தள்ளிவிடவில்லை. நாடகத்தில் எத்தனை தற்செயல்கள் என்று எண்ணியவர் அவர்தான். எமிலியா அந்த நேரத்தில் அங்கே இருந்தது, பியாங்கா சரியாக அந்த நொடியில் வந்தது எல்லாம் தற்செயல்தான். ஆனால் தற்செயல் கதவைத் தட்டத்தான் முடியும். ஒவ்வொரு முறையும் திறந்துவிட்டவன் ஒத்தெல்லோ. இதை ரைமர் எண்ணவில்லை.

பிரெஞ்சு அரங்கம் துணியைத் தள்ளியே வைத்தது. மூக்கைத் துடைக்கும் துணிக்கு அவர்களுடைய உயர்குலத் துன்பியல் மேடையில் இடமில்லை. 1732இல் வோல்தேர் ஒத்தெல்லோவை மனத்தில் வைத்து 'ஸாயிர்' எழுதினார். அதில் சந்தேகத்தைக் கிளப்புவது ஒரு கடிதம். 1792இல் டூசியின் 'ஒத்தெல்லோ' புகழ்பெற்ற நடிகர் தல்மாவோடு பாரிஸில் அரங்கேறியது. அதில் கைக்குட்டை இருந்த இடத்தில் வைரம் பதித்த தலையணி. 1816இல் நேபிள்ஸில் ரொசினியின் இசைநாடகம் 'ஒத்தெல்லோ' வந்தபோதும் கடிதம்தான்.

துணியை எடுத்துவிட்ட இந்த நாடகங்களுக்கு ஒரு விசித்திரமான விதி நேர்ந்தது. டூசியின் நாடக முடிவைத் தாங்க முடியாமல் பாரிஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். அவள் பிழைத்துக்கொள்ளும் இன்னொரு முடிவை அவர் எழுதி வைத்தார். ரொசினியின் இசைநாடகத்துக்கு ரோமில் மகிழ்ச்சியான முடிவு போட்டார்கள். கடைசியில் கணவனும் மனைவியும் சேர்ந்து பாடுகிறார்கள். ரசிகர்களின் மனம் இளகியதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அப்படி முடிவை மாற்றிப் போட முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தவறாகப் போய்ச் சேர்ந்த கடிதம் வெறும் தகவல் பிழை. சரியான தகவல் ஐந்து நிமிடம் முன்னால் வந்தால் எல்லாம் சுபம். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவுக்குத் தகவல் ஐந்து நிமிடம் முன்னால் வந்தால் என்ன ஆகும்? வந்ததே. எமிலியா அவன் முகத்துக்கு நேரே, டெஸ்டிமோனா குற்றமற்றவள், என் ஆன்மாவைப் பணயம் வைக்கிறேன் என்று நாலாம் அங்கத்திலேயே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

1829 அக்டோபர் 24 அன்று ஆல்ஃப்ரெட் த வின்யீயின் மொழிபெயர்ப்பு பாரிஸின் கொமெடி ஃபிரான்சேஸ் அரங்குக்கு வந்தது. அதில் கைக்குட்டை கைக்குட்டையாகவே வந்தது. அரங்கில் ஒரு பகுதி கூச்சலிட்டது. வோல்தேரின் கடிதத்திலிருந்து கைக்குட்டைவரை வந்து சேரப் பிரெஞ்சு நாடகக் கலைமகளுக்கு 98 ஆண்டு ஆயிற்று என்று வின்யீ கணக்குப் போட்டு எழுதினார். 1887 பிப்ரவரி 5 அன்று மிலான் நகரின் லா ஸ்காலாவில் வெர்டியின் 'ஒத்தெல்லோ' அரங்கேறியபோது துணி தன் முழு உரிமையோடு திரும்பியிருந்தது. பாடலை எழுதிய போய்ட்டோ ஒரு படி மேலே போனார். நெற்றியில் வைக்கும் கைக்குட்டையை நாயகன் தரையில் எறிகிறான். ஷேக்ஸ்பியர் கைநழுவலாக விட்டதைப் போய்ட்டோ வேகமாக்கினார். எனக்கு நழுவுவதுதான் பிடிக்கும். ஆனாலும் அவர்கள் இருவரும் எது முக்கியம் என்று கண்டுகொண்டவர்கள்.

துணி இந்தியாவுக்கும் வந்தது. 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் கல்லூரி நாடகமாக ஒத்தெல்லோவின் படுக்கையறைக் காட்சியில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்ததைத் தமிழர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1997இல் மலையாளத்தில் ஜெயராஜ் இயக்கிய 'களியாட்டம்' தெய்யம் ஆடும் கண்ணன் பெருமலையனின் கதையாக மாறியது. நாயகனுக்கு முகத்தில் அம்மைத் தழும்பு. கைக்குட்டைக்குப் பதில் பட்டுத் துணி. 2006இல் விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா' உத்தரப் பிரதேசத்து அரசியல் அடியாட்களிடம் போனது. அங்கே அது பரம்பரை ஒட்டியாணம். இரண்டு படமும் எனக்கு நெருக்கமானவை. ஒட்டியாணத்தில் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஒட்டியாணத்தை யார் எடுத்தாலும் அது திருட்டுத்தான். விலையுள்ள பொருள் காணாமல் போனால் வீடே தேடும். ஷேக்ஸ்பியரின் துணி தேடப்படாத அளவுக்குச் சின்னது. அவனே அப்படிச் சொல்லித்தான் தள்ளினான்.

இனி கடைசிக் காட்சி. டெஸ்டிமோனா இறந்தபின், எதற்காகக் கொன்றேன் என்று ஒத்தெல்லோ எல்லார் முன்னிலையிலும் சொல்கிறான்: கைக்குட்டையைக் காசியோவின் கையில் பார்த்தேன், அது என் தந்தை என் தாய்க்குக் கொடுத்தது. எகிப்தியப் பெண் எங்கே போனாள்? முன்பு மனைவியிடம் சொன்ன கதை வேறு, இப்போது சொல்வது வேறு. இது ஆசிரியரின் கவனக்குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மந்திரமெல்லாம் உதிர்ந்துபோய், அப்பா அம்மாவுக்குக் கொடுத்த பழைய துணி என்ற எளிய உண்மை அவன் வாயில் வருகிறது. அதைக் கேட்ட எமிலியாவுக்குத்தான் முதலில் விளங்குகிறது. வாளோடு நிற்கும் கணவனையும் மீறி, தான் கண்டெடுத்ததையும் அவனிடம் கொடுத்ததையும் கத்திச் சொல்கிறாள். அதற்காக அவன் கையாலேயே சாகிறாள். அன்று ஊமையாக நின்றதற்கு அவள் உயிரைக் கொடுத்து ஈடு செய்தாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிறகு காயம்பட்ட காசியோவை நாற்காலியில் தூக்கி வருகிறார்கள். என் மனைவியின் கைக்குட்டை உன்னிடம் எப்படி வந்தது என்று ஒத்தெல்லோ அவனிடம் கேட்கிறான். மூன்றாம் அங்கத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என் அறையில் கிடந்தது என்கிறான் காசியோ. அவ்வளவுதான். ஒரே வரிக் கேள்வி, ஒரே வரிப் பதில். முட்டாள், முட்டாள் என்று ஒத்தெல்லோ திட்டுவது தன்னைத்தான். சிந்தியோவின் மூர் சித்திரவதையிலும் சொல்லாததை இவன் யாரும் கேட்காமலே சொல்கிறான். குறை உள்ளவன் நாயகனாவது இங்கேதான். வெளியிலிருந்து வந்த சதியாக அதைப் பார்க்க முழு நியாயம் இருந்தும், என் கையால் நடந்தது என்று எடுத்துக்கொள்கிறான்.

அவனுடைய கடைசிப் பேச்சு பற்றிப் பெரிய சண்டை உண்டு. 1927இல் டி. எஸ். எலியட், ஒத்தெல்லோ தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான், உண்மையைப் பார்க்காமல் தன்னை அழகாக நிறுத்திக்கொள்கிறான் என்று எழுதினார். ஒரு பகுதி சரிதான். அறிவோடு நேசிக்கத் தெரியாதவன், ஆனால் அளவுக்கு மேல் நேசித்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில் சுய இரக்கம் இருக்கிறது. கொன்றவன் தன் காதலின் அளவைப் பேசுவது டெஸ்டிமோனாவுக்கு இன்னொரு அநீதி. அதை மறைத்து அவனை உயர்த்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பேச்சை முழுதும் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. வெனிஸுக்கு எழுதும் கடிதங்களில் என்னை உள்ளபடி எழுதுங்கள், எதையும் குறைக்காதீர்கள், வன்மம் வைத்தும் எழுதாதீர்கள் என்கிறான். அதில் இயாகோவின் பெயர் இல்லை. கைக்குட்டையும் இல்லை. அத்தனை பேருக்கும் தெரிந்த சதியை, தனக்குச் சாதகமான ஒரே சாட்சியை, அவன் எடுத்து வைக்கவில்லை. தூண்டிவிடப்பட்டுக் குழம்பியவன் என்று ஒரு வார்த்தை, பிறகு தன் கையால் விலையில்லா முத்தை எறிந்தவன் என்று இன்னொன்று. எறிந்த கை தன் கை.

கடைசியாக, அலெப்போ நகரில் வெனிஸ்காரன் ஒருவனை அடித்து வெனிஸ் அரசைப் பழித்த துருக்கியனைத் தான் குத்திக் கொன்ற கதையைச் சொல்கிறான். இப்படி என்று சொல்லி அதே குத்தைத் தன்மேல் இறக்குகிறான். வெனிஸின் காவலனும் அவன்தான், வெனிஸின் எதிரியும் அவன்தான். வழக்கை விசாரித்துத் தண்டனை நிறைவேற்றியதும் அவன்தான். இதைப் பார்த்து நிற்பவர்களில் காசியோவும் ஒருவன். மூன்று நாளைக்குள் சாக வேண்டும் என்று ஒத்தெல்லோ உத்தரவு போட்டது இவனுக்குத்தான். அன்றிரவு காலில் வெட்டு வாங்கியதும் அதனால்தான். இப்படி ஆகுமோ என்று பயந்தேன், கையில் ஆயுதம் இல்லை என்று நினைத்துவிட்டேன் என்கிறான் காசியோ. தளபதி ஏன் இதைச் செய்தார் என்பதற்குக் காரணமும் சொல்கிறான்: பெரிய மனசு அவருக்கு.